காணும் பொங்கலுக்கு வேடந்தாங்கல் போகலாமா? வயசான அம்மா, ரெண்டு பசங்களோட ஒரு நாள்

மேற்குத்தாம்பரம் | ஜனவரி 5, காலை 9:12

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல் தடவை.

காணும் பொங்கல் அன்னிக்கு வீட்ல எல்லாரும் சேர்ந்து ஏரிக்கரைப் பக்கம் எங்கயாவது போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பணும். நானும் வீட்டுக்காரரும், பசங்க ரெண்டு பேர், எங்க அம்மா. அம்மாவுக்கு 71 வயசு, முழங்கால் வலி. படி ஏற மாட்டாங்க, சமதரையில மெதுவா நடப்பாங்க. பெரியவனுக்கு 11 வயசு. பள்ளிக்கூட நூலகத்துலேர்ந்து பறவைப் புத்தகம் எடுத்துட்டு வந்ததிலிருந்து சோறு தண்ணி மறந்துட்டான். சின்னவளுக்கு 6 வயசு, அவளுக்குப் படகுதான் வேணுமாம். அம்மாவைக் கேட்டா, "எனக்கு என்ன, மரத்தடியில உட்கார இடம் இருந்தா போதும்"ங்கிறாங்க.

வேடந்தாங்கல்னு பேசி வச்சிருக்கோம். எத்தனை மணிக்குக் கிளம்பணும்? அங்க படகு உண்டா? சைபீரியாலேர்ந்து வர்ற பறவைங்க கூடு கட்டியிருக்கிறதைப் பக்கத்துல பார்க்க முடியுமா?

இருசக்கரம் | ஜனவரி 5, காலை 10:40

காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பிடுங்க. ஜிஎஸ்டி ரோட்ல பரனூர் டோல், செங்கல்பட்டு தாண்டி படாளம் கூட்டு ரோடு வரும், அங்க வலது பக்கம் திரும்பணும். அதுக்கப்புறம் வயல் நடுவுலதான் ரோடு. உங்க வீட்லேர்ந்து ஒண்ணரை மணி நேரம் போதும். திரும்பி வரும்போது ஞாயித்துக்கிழமை சாயங்காலமா மட்டும் இருந்துடக் கூடாது, கூடுவாஞ்சேரியிலேயே ரெண்டு மணி நேரம் நிக்கணும்.

படகு கிடையாது. எனக்கு இது புரியவே மாட்டேங்குது. அவ்வளவு தண்ணி கிடக்கு, நாலு பெடல் போட் விட்டா பசங்களுக்கும் சந்தோஷம், ஊர்க்காரங்களுக்கும் வருமானம். சித்திரை மாசம் போனா தரை வெடிச்சுக் கிடக்கு. எங்கிருந்தாவது தண்ணி கொண்டாந்து வருஷம் பூரா நிரப்பி வச்சா பறவையும் வருஷம் பூரா இருக்குமே?

நத்தைகுத்தி | ஜனவரி 5, இரவு 9:55

இருசக்கரம் தம்பி, அங்க படகு இல்லாததாலதான் அந்த இடம் இன்னும் இருக்கு.

ஏரி மொத்தமே 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் சொச்சம். கரையில நின்னா எதிர்க்கரை தெரியும். நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணிக்குள்ளேயே நிக்குது, கூடு அத்தனையும் அதுமேலதான். கரையில இவ்வளவு மரம் இருக்க, பறவை ஏன் தண்ணிக்குள்ள நிக்கிற மரமா பார்த்துக் கட்டுது? நரி வராது, பூனை வராது, மனுஷன் வர மாட்டான். கோட்டைக்கு அகழி மாதிரி அதுக்கு அந்தத் தண்ணி. அங்க படகு விட்டா கூட்டுல உட்கார்ந்திருக்கிற தாய் எழும்பிடும். அது எழும்பினா காக்கா வந்துடும், முட்டையைக் கொத்திட்டுப் போக அதுக்கு அரை நிமிஷம் போதும். காக்கா வரலைன்னாலும் வெயில் இருக்கு. மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சு உடம்புல வெள்ளையா தூவி இருக்குமே தவிர நிழல் ஏது? பதினோரு மணிக்கு மேல தாய் கூட்டு மேல நின்னு ரெண்டு இறக்கையையும் விரிச்சுப் பிடிச்சுக்கும். குஞ்சுங்க எல்லாம் அந்த நிழலுக்குள்ள ஒண்டிக்கும். சூரியன் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி நிக்கும். இன்னொண்ணு ஏரிக்குப் போய் வாய் நிறைய தண்ணி கொண்டாந்து குஞ்சு தலையில ஊத்தும். ஒரு தடவை ஒரே கூட்டை மூணு மணி நேரம் பார்த்துட்டு நின்னேன். அந்த மூணு மணி நேரத்துல கூடு ஒரு நிமிஷம்கூடக் காலியா இல்லை.

அடுத்தது சைபீரியா. மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, பேப்பர்லயே இப்படித்தான் எழுதுறாங்க. அங்க கூடு கட்டுறது வெளிநாட்டுப் பறவை கிடையாது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு எல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்க. மழை எங்க பெய்யுதோ, ஏரி எங்க நிறையுதோ அங்க போய்க் குடும்பம் நடத்தும். வடகிழக்குப் பருவமழையில வேடந்தாங்கல் நிறைஞ்சதும் இங்க வந்துடும்.

வெளிநாட்டிலிருந்து வர்றது ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் வகையெல்லாம். வடக்கே பனி உறைஞ்சா தீனி கிடைக்காது, அதனால இங்க வந்து தின்னு உடம்பைத் தேத்திட்டு மார்ச், ஏப்ரல்ல திரும்பிப் போயிடும். முட்டை வைக்கிறது அங்கதான். உங்க பையன்கிட்ட இதைச் சொல்லுங்க, அங்க போய் நின்னதும் ரெண்டு கூட்டத்தையும் அவனே பிரிச்சுப் பார்ப்பான்.

காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் போகாதீங்கன்னுதான் சொல்லுவேன். கூட்டம், ஊதல், பாட்டு. நாலு நாள் தள்ளிப் போங்க.

ஒரகடம்_ஷிப்டு | ஜனவரி 6, காலை 6:20

நைட் ஷிப்டு முடிச்சுட்டு வந்து எழுதுறேன். நத்தைகுத்தி சார் எழுதினதுல படகு விஷயம் எனக்கு முழுச் சம்மதம். கடைசி வரிதான் உறுத்துது.

நாலு நாள் தள்ளிப் போங்கன்னு சொல்றது லேசு. எங்க லைன்ல பொங்கலுக்குக் கிடைக்கிற லீவு மூணு நாள்தான். அதுல ரெண்டு நாள் ஊர், சாமி, சொந்தக்காரங்க வீடுன்னு போயிடும். பொண்டாட்டி பிள்ளையோட வெளிய போறதுக்கு எனக்கு வருஷத்துல இருக்கிறதே காணும் பொங்கல் ஒரு நாள். அன்னிக்கு மெரினாவுக்குப் போனா கூட்டம், வண்டலூருக்குப் போனா கூட்டம். வேடந்தாங்கலுக்கு டெம்போ பிடிச்சு வர்றவங்க எல்லாரும் என்னை மாதிரிதான். பெரிய லென்ஸ் வச்சிருக்கிறவங்க புதன்கிழமை போய்க்கலாம், எங்களால முடியாது. அந்தப் பறவையை எங்க பிள்ளைங்களும் பார்க்கணும் சார். பார்த்தாத்தானே நாளைக்கு அந்த ஏரிக்கு ஒரு ஆபத்துன்னா கேட்க ஆள் இருக்கும்?

நத்தைகுத்தி | ஜனவரி 6, காலை 8:05

நீங்க சொல்றது சரி. நான் எழுதினது அவங்க வீட்டு நிலைமையை வச்சு. வயசானவங்க அந்த நெரிசல்ல நிக்க முடியாதுன்னுதான் நினைச்சேன், ஆனா எல்லாருக்கும் சொன்ன மாதிரி எழுதிட்டேன். மன்னிக்கணும்.

பள்ளிக்கூட_டீச்சர் | ஜனவரி 6, மாலை 5:30

கூட்டத்தோட போறவங்களுக்கு என் அனுபவம். 40 பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனோம். பஸ்லேர்ந்து இறங்குறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு நாலு பேருக்கும் ஒரு மரத்தைக் கொடுத்துட்டோம். அந்த மரத்துல எத்தனை கூடு, எந்தக் கிளையில எந்தப் பறவை, யார் போறா, யார் வர்றா, இதை எழுதிட்டு வரணும். அவ்வளவுதான். கத்தாதேன்னு ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டி வரலை. மேல் கிளையில கூழைக்கடாவும் நாரையும், நடுவுல கொக்கு, இலைக்குள்ள மறைஞ்சாப்ல வக்கான்னு ஒரு மரத்தையே அடுக்குமாடி வீடா வரைஞ்சுட்டு வந்தாங்க.

அங்க வாசல்ல விக்கிற பீப்பியை மட்டும் பிள்ளைங்களுக்கு வாங்கித் தராதீங்க. வீட்டுக்குப் போய் ஊதட்டும்.

ஏரிப்பாசனம் | ஜனவரி 7, இரவு 8:15

வேடந்தாங்கலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். ஏரித் தண்ணீரில் நெல் வைக்கிற குடும்பம். வருஷம் பூரா தண்ணீர் நிரப்பலாமே என்று தம்பி கேட்டதைப் படித்தேன். கேட்டது நல்ல மனசோடுதான். ஆனால் அது ஏரிக்கும் ஆகாது, பறவைக்கும் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பெயரைப் பாருங்கள். எங்கள் பக்கம் தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கல் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேடன் தாங்கல் என்றால் வேட்டைக்காரன் ஏரி. ஒரு காலத்தில் இங்கே சுட்டுத் தின்றவர்கள் உண்டு, அதைத்தான் பெயர் சொல்கிறது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து கூட்டுப் பறவையைச் சுட ஆரம்பித்ததும் ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். லயோனல் பிளேஸ் என்பது அந்தத் துரையின் பெயர். 1798-ல் இங்கே பறவையைப் பிடிக்கவோ சுடவோ கூடாது என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858-ல் எங்கள் முன்னோர் மறுபடி போய் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். சர்க்காருக்குச் சரணாலயம் என்ற நினைப்பு வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் நடந்தது இது.

எதற்காக அவ்வளவு பாடுபட்டார்கள்? பாவ புண்ணியமும் உண்டு, வயிறும் உண்டு. ஆயிரக்கணக்கான பறவை மூணு நாலு மாசம் தண்ணீர் மேல் எச்சம் போடுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்கு வரும்போது தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்தே வருகிறது. எங்கள் அப்பா யூரியா மூட்டையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் உரம் போட்டுத்தான் விவசாயம் செய்தோம், போட்டது நாரை. மே மாசம் ஏரி வற்றினால் அடியில் கருப்பாக வண்டல் கிடக்கும். ஒரு கை அள்ளி மோந்து பாருங்கள், மீன் கவிச்சி அடிக்கும்.

ஏரி வற்றத்தான் வேண்டும். தண்ணீர் வயலுக்குப் போனால்தான் அது வற்றும், வயலுக்குப் போகாத தண்ணீரால் எங்களுக்கு என்ன பயன்? மரத்துக்கும் அதுதான். நீர்க்கடம்பு மாசக்கணக்கில் தண்ணீரில் நிற்கும், அது அதற்குப் பழக்கம். ஆனால் வருஷம் பூரா வேர் மூழ்கிக் கிடந்தால் நாள்படப் பட்டுப் போகும். மரம் போனால் கூடு எங்கே? கோடையில் தரை காய்ந்து, வெடித்து, புல் முளைத்து, அதன்மேல் ஐப்பசி கார்த்திகையில் புதுத் தண்ணீர் ஏறும்போதுதான் புழு, நத்தை, மீன் குஞ்சு எல்லாம் பொங்கி வரும். பறவை அந்தப் புதுத் தண்ணீரைத் தேடித்தான் வருகிறது.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2016-ல் பருவமழை ஏமாற்றியது. அந்தப் பருவத்தில் வழக்கமான கூட்டம் வரவில்லை. ராத்திரியில் ஏரிப் பக்கம் சத்தமே கேட்காமல் தூக்கம் வராது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தீபாவளிக்கு எங்கள் பக்கம் வெடி வெடிப்பதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது குறையாகவே தெரியாது, மத்தாப்பு கொளுத்துவார்கள். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 2020-ல் அந்த எல்லையைச் சுருக்கப் பேச்சு வந்தபோது நிறையப் பேர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களும் உண்டு. பறவை ஏரியில் தூங்குகிறது, சாப்பிடுவது எங்கள் வயலிலும் சுற்றியுள்ள ஏரி குளத்திலும். காலையில் எழும்பி நாலு திசைக்கும் போகும். சமையல்கட்டை விட்டுவிட்டுப் படுக்கையறைக்கு மட்டும் காவல் போட்டால் குடும்பம் நடக்குமா?

ஒரகடம் தம்பி, காணும் பொங்கலுக்குத் தாராளமாக வாருங்கள். அன்று எங்கள் ஊரும் திருவிழா மாதிரித்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேர் மூணு மணிக்கே கிளம்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் வண்டி ஏறிய பிறகுதான் இரை தேடப் போன பறவை எல்லாம் வீடு திரும்பும். அஞ்சு மணிக்கு மேற்கே பார்த்து நில்லுங்கள். வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டு, மூணரைக்கு வந்து ஆறு மணிக்குப் போங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஒரகடம்_ஷிப்டு | ஜனவரி 7, இரவு 10:30

அண்ணே, சாயங்காலமே வர்றோம். இந்தப் பதிவை எங்க லைன் குரூப்ல போட்டுட்டேன்.

இருசக்கரம் | ஜனவரி 8, காலை 7:10

ஐயா, தெரியாம எழுதிட்டேன். வத்துறதுதான் அதுக்கு உயிர்னு யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ரொம்ப நன்றி.

திருமலைக்காரன் | ஜனவரி 8, மதியம் 1:45

ஏரிப்பாசனம் ஐயா எழுதினதை வாசிச்சவுடன எங்கட பக்கத்துக் கதை ஒண்டு சொல்ல வேணும் போல இருக்கு.

நாங்கள் திருகோணமலை. போன தடவை ஆவணி மாதம் பிள்ளையளோட மின்னேரியாவுக்குப் போனனாங்கள். மகாசேன மன்னன் வயலுக்குக் கட்டின குளம் அது, மூண்டாம் நூற்றாண்டு. வெயில் காலத்தில குளத்துத் தண்ணி வயலுக்குப் போகப் போக, கரையோரம் தண்ணி இறங்கின இடமெல்லாம் பச்சைப் புல் முளைக்கும். காடு காய்ஞ்சு கிடக்கிற நேரத்தில அந்தப் புல்லுக்காக யானை எல்லாம் வந்து கூடும். நூறு, இருநூறு, அதுக்கும் மேல. தாய், குட்டி, கொம்பன் எல்லாம் ஒரே வெளியில நிக்கும். உலகம் முழுக்க இருந்து ஆக்கள் வந்து பார்க்கிற காட்சி.

ஐயா சொன்னது அப்பிடியே அங்கயும் பொருந்தும். 2018-ல மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, சில வருஷம் வெயில் காலத்திலயும் மின்னேரியாவில தண்ணி உயர்ந்தே நிண்டது. புல் வெளி தண்ணிக்குக் கீழ போயிட்டுது. யானை வந்து பார்த்திட்டு பக்கத்தில இருக்கிற கவுடுல்லைக் குளத்துப் பக்கம் போயிடும், இல்லாட்டி சனத்தின்ர வயலுக்குள்ள இறங்கிடும். குளம் தழும்பி நிக்கிறது பார்க்க வடிவாத்தான் இருக்கும், யானைக்கு அதில சாப்பாடு இல்லை.

நாங்கள் போன அண்டைக்கு ஒரு ஐம்பது அறுபது யானை நிண்டது. ஒரு சின்னக் குட்டி புல்லைப் பிடுங்கத் தெரியாம தும்பிக்கையால சுத்திச் சுத்திப் பார்க்குது. தாய் பிடுங்கி, முன்னங்காலில தட்டி மண்ணை உதறிப்போட்டு வாயில வைக்குது. குட்டி அதைப் பார்த்துத் தானும் காலைத் தூக்குது, கையில புல் இல்லை. ஜீப்புக்குள்ள இருந்த எல்லாரும் மூச்சு விடாமப் பார்த்தம். பிறகு பின்னால ரெண்டு ஜீப் உறுமிக்கொண்டு கிட்டப் போச்சுது, கூட்டம் திரும்பிக் காட்டுக்குள்ள போயிட்டுது. அரை மணித்தியாலம் பார்க்க வேண்டியதை அஞ்சு நிமிசத்தில முடிச்சுப்போட்டாங்கள்.

நாங்குநேரிக்காரன் | ஜனவரி 8, இரவு 7:00

திருநெல்வேலி பக்கம் வந்தா கூந்தன்குளத்துக்கு வாங்க. அங்க மரம் தேடி ஏரிக்குள்ள போக வேண்டாம், ஊருக்குள்ள வீட்டு வேப்பமரத்துலயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருக்கும். வாசல்ல மீன் விழும், எச்சம் விழும், ஒருத்தரும் விரட்ட மாட்டாக. குஞ்சு கீழ விழுந்தா எடுத்து மீன் குடுத்து வளர்த்து விடுவாக. பறவை வராத வருசம்தான் ஊர் கவலைப்படும். சென்னையிலேர்ந்து ஒரு நாள்ல முடியாது, சொல்லி வச்சேன்.

மேற்குத்தாம்பரம் | ஜனவரி 9, காலை 9:00

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை. ஏரிப்பாசனம் அண்ணன் எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க பிறந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். "எங்க ஏரிக்கும் வரும்டி, நத்தை கொத்தின்னு சொல்லுவோம்"னு ஆரம்பிச்சாங்க பாருங்க, அரை மணி நேரம் நிறுத்தலை. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை.

காணும் பொங்கல் வேணாம், பிப்ரவரி முதல் வாரத்துல ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் போறோம். அப்ப குஞ்சு பெருசா இருக்குமா? சின்னவளோட படகுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க.

நத்தைகுத்தி | ஜனவரி 9, இரவு 9:20

பிப்ரவரி நல்ல நேரம். குஞ்சுங்க கூட்டு விளிம்புல நின்னு இறக்கை அடிச்சுப் பழகும். இந்த வருஷம் மழை நல்லா பெஞ்சிருக்கு. இருந்தாலும் கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறையில ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

நான் போனா இப்படித்தான் போவேன்: காலை ஆறரைக்கு வேடந்தாங்கல், எட்டரை வரைக்கும். அப்புறம் கரிக்கிளி ஏரி, அதுவும் பறவைச் சரணாலயம், பத்து கி.மீ.க்குள்ளதான். வேடந்தாங்கல் வர்றவங்கள்ல பத்துல ஒருத்தர்கூட அங்க போறதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். ரெண்டுமே 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்ந்தது. வேடந்தாங்கல்ல பறவை மரத்து மேல, கரிக்கிளியில தண்ணி மேல. திறந்த ஏரி, ஆழம் கம்மி. வாத்து, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, சேத்துல ஓடுற உள்ளான் எல்லாம் அங்கதான். உங்க பையன் கேட்ட வெளிநாட்டு விருந்தாளியை அங்க பாருங்க. சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கிற மாதிரி நில்லுங்க, இல்லைனா எல்லாப் பறவையும் கறுப்பாத்தான் தெரியும். பைனாகுலர் வாங்குறதா இருந்தா 8x42 போதும். பெரிய எண்ணா பார்த்து வாங்கினா கை ஆடும், பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

படகுக்கு முதலியார்குப்பம். மதுராந்தகத்துலேர்ந்து செய்யூர் வழியா ஈசிஆர் போனா வந்துடும். சுற்றுலாக் கழகத்தோட படகுத்துறை, உப்பங்கழி. அங்க கூடு இல்லை, யாருக்கும் தொந்தரவும் இல்லை. ஆனா ஒண்ணு, லைஃப் ஜாக்கெட் போட்டு, கொக்கி மாட்டி, நீங்களே ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டு ஏறுங்க. குழந்தை அளவு இல்லைன்னா ஏறாதீங்க. படகு கவிழ்ந்து 2009-ல தேக்கடியில 45 பேர், 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டுல 22 பேர் செத்துப் போனாங்க. ரெண்டுமே இதே மாதிரி விடுமுறைக்குப் பறவை, மிருகம், தண்ணி பார்க்கப் போனவங்க.

இருசக்கரம் | ஜனவரி 10, காலை 8:00

மதியம் மதுராந்தகத்துல சாப்பிட்டுட்டு ஏரி காத்த ராமர் கோயிலும் பார்த்துடலாம். வெள்ளப் பெருக்குல ஏரிக்கரை உடையாம ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நின்னதைக் கலெக்டர் பார்த்ததா ஒரு கதை சொல்லுவாங்க. தேடிப் பார்த்தேன், அந்தக் கலெக்டரும் இதே லயோனல் பிளேஸ்தான்! மதியம் நடை சாத்திடுவாங்க, பன்னிரண்டுக்கு முன்னாடி போயிடுங்க.

பள்ளிக்கூட_டீச்சர் | ஜனவரி 10, காலை 8:40

தயவுசெஞ்சு எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிக்காதீங்க. ரெண்டு ஏரி, கோயில், படகு, முழங்கால் வலியோட ஒரு பாட்டி. ஒண்ணை விட்டுடுங்க.

மேற்குத்தாம்பரம் | பிப்ரவரி 8, இரவு 10:15

போயிட்டு வந்துட்டோம். டீச்சர் பேச்சைக் கேட்டு கோயிலை விட்டுட்டோம். கடைசியில படகும் நடக்கலை, சின்னவளே வேணாம்னுட்டா.

அஞ்சு மணிக்குக் கிளம்பி ஆறே முக்காலுக்கு வேடந்தாங்கல். கார் கதவைத் திறந்ததும் சத்தம், எங்கயோ சந்தை கூடின மாதிரி. கரை மேல சமமான பாதை, அம்மா தடியை ஊனிட்டு நடந்துட்டாங்க. கோபுரத்துல நாங்க மட்டும் ஏறினோம். இறங்கி வந்து பார்த்தா, அம்மா ஒரு பெஞ்சுல உட்கார்ந்து எதிர்ல இருக்கிற ஒரே மரத்தைப் பார்த்துட்டு இருக்காங்க. பக்கத்துல உட்கார்ந்தேன். கூழைக்கடா ஒண்ணு வந்து இறங்குச்சு. அவ்வளவு பெரிய உடம்பு, அந்தச் சின்னக் கிளை வளைஞ்சு ஆடி நின்னுச்சு. குஞ்சு சும்மா வாயைத் திறக்கும்னு நினைச்சிருந்தேன். அது தலையை மட்டும் இல்லை, கழுத்து வரைக்கும் தாயோட தொண்டைப் பைக்குள்ள நுழைச்சுடுச்சு. பையைத் தள்ளித் தள்ளி, உள்ளேயே அலசி எடுக்குது. தாய் கண்ணை மூடிட்டு நிக்குது. அம்மா என் கையைத் தட்டி, "நீயும் இப்படித்தான் படுத்தின"ன்னு சொன்னாங்க.

கரிக்கிளி போற வழியில வயல் ஓரமா நத்தை குத்தி நாரை நாலைஞ்சு நின்னுச்சு. வண்டியை நிறுத்தி, இறங்காம ஜன்னல் வழியாவே பார்த்தோம். அலகை மூடினாலும் நடுவுல சந்து தெரியுது, பாக்குவெட்டி மாதிரி. தண்ணிக்குள்ள அலகை விட்டுத் துழாவி ஒரு நத்தையைப் பிடிச்சு, தலையை வெளியில எடுக்காமலே என்னவோ பண்ணுச்சு. கொஞ்ச நேரத்துல சதை மட்டும் வாயில இருக்கு, ஓடு உடையாம கீழே விழுந்துச்சு. பையன் அந்த ஓட்டை எடுக்கணும்னு அடம். சேத்துல இறங்கி எடுத்துக் கொடுத்தது எங்க வீட்டுக்காரர். முழு ஓடு, ஒரு கீறல் இல்லை.

அண்ணன் சொன்ன மாதிரி நாலு மணிக்கு மறுபடி வேடந்தாங்கல் வந்து ஆறு வரைக்கும் இருந்தோம். அதை எப்படி எழுதுறதுன்னு தெரியலை. சின்னவ எண்ண ஆரம்பிச்சு முந்நூறுல விட்டுட்டா.

ஒரு சந்தேகம். கரிக்கிளியில சின்ன வாத்து ஒரு கூட்டம். பழுப்பு முகம், கண்ணுக்கு மேல பட்டையா வெள்ளைக்கோடு பின்கழுத்து வரைக்கும் வளைஞ்சு போகுது. பையன் படம் வரைஞ்சு வச்சிருக்கான். என்ன பறவை?

நத்தைகுத்தி | பிப்ரவரி 8, இரவு 10:50

நீலச்சிறகி, ஆண். பறக்கும்போது இறக்கை வெளிர்நீலமா தெரிஞ்சிருக்கும். அந்தப் பளிச்சுன்னு வெள்ளைக்கோடு இல்லாம, முகத்துல மங்கலா கோடு ஓடுற பழுப்பு வாத்தும் கூடவே இருந்திருந்தா அது பெண். ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்த ஆளு. தம்பி படத்தைப் போடுங்க, பார்ப்போம்.

ஏரிப்பாசனம் | பிப்ரவரி 9, காலை 5:40

தங்கச்சி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உத்திரமேரூர் ஏரியிலும் அந்த வாத்து இறங்கும், அங்கே அதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

மேற்குத்தாம்பரம் | பிப்ரவரி 9, காலை 9:30

கேட்டேன் அண்ணா. படத்தைப் பார்த்ததுமே சொன்னாங்க, "கிளுவைடா இது"ன்னு. பையன் படத்துக்குக் கீழே அதையே எழுதிட்டான்.